டம்மி வரிகள்

தலையை அசைக்கக் கூடாதாம். சாயம் காதில் வழிந்தால் கறை லேசில் போகாது என்று சொல்லிவிட்டு மும்தாஜ் எதிர்நாற்காலிக்குப் போய்விட்டாள், அங்கே ஒரு கல்யாணப் பெண்ணின் புருவத்தில் நூலைப் போட்டு இழுக்கிறாள், இழுப்புக்கு ஒரு ஸ்ஸ். சனிக்கிழமை மத்தியானம் தில்லைநகரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அழகாக வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அழகெல்லாம் வேண்டாம், ஆபீசுக்குப் புதிதாக வந்த மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போடுகிறான், அந்த மரியாதை பிடிக்கவில்லை, அதற்காகத்தான் இந்தச் சாயம். மண்டை முழுக்க சேறு அப்பின மாதிரி கனக்கிறது, அங்கங்கே எரிகிறது, சொறியவும் முடியாது. மடியில் போன். போனுக்குள் நிர்மல். காதில் வைக்க முடியாததால் அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில்தான் போட்டேன், பார்லர் முழுக்கக் கேட்டது. “பெனி, எப்படி இருக்க? நம்ம டெமோவ இன்னிக்கு ரிலீஸ் பண்றோம், எல்லா ஆப்லயும் வருது. பாடினவங்க வாசிச்சவங்க எல்லாரும் ஓகேன்னு ஒரு மெசேஜ் போட்டாத்தான் கம்பெனிக்காரன் ஏத்துவான். டைட்டஸ் போட்டுட்டான், ஃபரூக் போட்டுட்டான். நீ மட்டும்தான் பாக்கி. ஒரே ஒரு ஓகே போதும்டி.” டி. இத்தனை வருஷத்தில் ஒரு போன் கிடையாது, என் கல்யாணத்துக்குக் கிடையாது, அது முறிந்தபோது கிடையாது, இப்போது எடுத்த எடுப்பில் டி. கூடவே ஒரு படமும் வந்திருக்கிறது, ஆல்பத்தின் பின்னட்டை. பாடியவர் பெனிட்டா. இசை, பாடல் வரிகள் நிர்மல். நான் அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எத்தனை பெரிதாக்கினாலும் அதையேதான் சொல்கிறது.

முதல் ஈடு என்று அந்த டெமோவுக்குப் பெயர். இட்லியில் முதல் ஈடு கொஞ்சம் கல்லாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற அர்த்தத்தில் டைட்டஸ் வைத்த பெயர், எங்கள் மியூசிக் பாண்டுக்கு முட்டுச்சந்து என்று வைத்ததும் அவன்தான், அவன் பேஸ் கிடார் வாசித்ததைவிடப் பெயர் வைத்ததுதான் அதிகம். அட்டைக்கு அவன் வீட்டு இட்லிப் பானையைப் படமெடுத்து ஜெராக்ஸ் போட்டோம், மை தீர்ந்துபோய்ப் பானை கருப்பாகவும் ஆவி வெள்ளையாகவும் விழுந்தது, அதை இப்போது நெட்டில் அணுஉலை என்கிறார்கள். எல்லாம் காலேஜ் முடிக்கிற வருஷம். டைட்டஸின் மாமா பாலக்கரையில் மைக் செட் கடை வைத்திருந்தார், மாடியில் ஸ்பீக்கர் பெட்டி அடுக்குகிற அறை, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற மெத்தைகளைச் சுவரோரமாக நிறுத்தி வைத்து அதற்குள் பாடினேன். ஃபேன் சத்தம் மைக்கில் ஏறும் என்று நிர்மல் ஃபேனை நிறுத்திவிடுவான். மெத்தையிலிருந்து யார் யாரோ வீட்டுக் கல்யாணத்துச் சந்தன வாசனையும் வியர்வையும் சேர்ந்து மூக்கில் ஏறும், ஃபரூக் சட்டையைக் கழற்றிவிட்டு டிரம்ஸ் வாசிப்பான், நான் கழற்ற முடியாது, துப்பட்டாவைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொள்வேன். புரட்சியாம். தமிழ் ராக்கின் தொடக்கப் புள்ளியாம். எவனோ ஒருவன் நீளமாக எழுதியிருக்கிறான், அந்தப் பதிவின் மூச்சுமுட்டல் அந்தத் தலைமுறையின் மூச்சுமுட்டல் என்று. தம்பி, ஃபேன் ஓடவில்லை. அவ்வளவுதான்.

சினிமாவில் மெட்டுப் போடுகிறவர்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், முதலில் மெட்டு, வரி வருகிற வரைக்கும் வாயில் வந்ததைப் போட்டு நிரப்பிப் பாடுவது, அதற்குப் பேர் டம்மி. மற்ற பாட்டுகளுக்கு நிர்மல் எழுதிவிட்டான், நிலா, சிறகு, சங்கிலி என்று பத்தாங்கிளாஸ் பையன் மாதிரி எழுதுவான், இருக்கட்டும். ஏழாவது பாட்டுக்கு மட்டும் எழுதிக்கொண்டு வருகிறேன் வருகிறேன் என்று கடைசி நாள் வரைக்கும் இழுத்தான். ஞாயிற்றுக்கிழமை கையை வீசிக்கொண்டு வந்தான். “இப்போதைக்கு டம்மி போட்டுப் பாடிரு பெனி, அப்புறம் மாத்திக்கலாம்.” சாயந்தரம் உறையூரில் ஒரு ரிசப்ஷனுக்கு, நாங்கள் பதிவு பண்ணிக்கொண்டிருந்த ஆடியோ மிக்ஸர் போயாக வேண்டும், மாமா கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். நான் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்தவள், காலையில் சாப்பிடவில்லை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ் கையைக் காட்டியும் நிற்காமல் போய்விட்டது, வெயிலில் நடந்து வந்திருக்கிறேன், யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். வாசல் விளக்க அணை, யாரும் வரப் போறதில்ல. சோத்துல தண்ணி ஊத்து, யாரும் வரப் போறதில்ல. சத்திரம் பஸ்ஸு நிக்காது, கண்டக்டரு பாக்கமாட்டான். ஒரே தடவை. ஃபரூக் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கடைசி நாலு அடிக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அதுதான் இப்போது மேதைமையான மௌனம் ஆகிவிட்டது. அப்புறம் மாத்திக்கலாம் என்றது மாறவே இல்லை. மிக்ஸர் ரிசப்ஷனுக்குப் போனது, நாங்கள் டம்மியோடு சிடி போட்டோம்.

சிடியை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் எழுதிக் காலேஜ் விழாக்களில் விற்றோம், வாங்கினவனில் பாதிப் பேர் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காக்கா விரட்டியிருப்பான். பிறகு ஒரு நாள் போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், முட்டுச்சந்து சென்னையில் வாசிக்கிறது, பாடுகிறவன் வேறு ஒருத்தன். சொல்லணும்னு தோணல என்றான் டைட்டஸ், அவனாவது அதைச் சொன்னான். நிர்மல் இப்போது சினிமாவுக்கு இசை போடுகிறான், பெரிய ஆள். பெரிய ஆளானதும் அவனுடைய குப்பையைக் கிளறுகிற கூட்டம் ஒன்று கிளம்பியது, அதில் ஒருவன் எவனிடமோ கிடந்த சிடியை எடுத்து நெட்டில் போட்டான், ஏழாவது பாட்டு பிய்த்துக்கொண்டு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. சாவைப் பற்றிய பாட்டாம். சத்திரம் என்றால் இந்த உலகமாம், பஸ் என்றால் உயிராம், கண்டக்டர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சோத்தில் தண்ணீர் ஊற்றுவது வாய்க்கரிசிச் சடங்கின் நவீன வடிவமாம். முட்டாள்களா, ராத்திரி கடைசி ஆள் சாப்பிட்டு முடித்ததும் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், காலையில் பழையது, உங்கள் அம்மா செய்ததில்லையா. போன மாதம் நிர்மல் ஒரு பேட்டியில் உட்கார்ந்து சொல்கிறான், “அப்பா ஐசியுல இருந்தப்ப வெளிய பெஞ்சுல உக்காந்து எழுதினது. சாப்பாடே இறங்கல. வீட்டுக்குப் போன் பண்ணி, சோத்துல தண்ணி ஊத்திரும்மா, நான் வரலன்னு சொன்னேன். அதான் பாட்டு.” கண் கலங்குகிறது. கேள்வி கேட்கிறவனுக்கும் கலங்குகிறது. அவன் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை மைக் செட் கடைக்குத் தூக்குச்சட்டியில் தயிர்சாதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நல்லா பாடும்மா என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார், கல்லு மாதிரி இருந்தார், அவர் படுத்ததும் போனதும் அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. ஒரு மனுஷனை முன்தேதியிட்டு ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டுவிட்டான். பெற்ற பிள்ளை செய்கிற காரியமா இது.

அந்தப் பாட்டு வரி என் அம்மாவின் வாக்கியம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் என்னிடமேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா மருந்துக் கம்பெனி ரெப், வாரம் முழுக்க வெளியூர், சனிக்கிழமை ராத்திரி வந்துவிடுவார். நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை வரவில்லை, அப்புறம் ஒன்று விட்டு ஒன்று, அப்புறம் திண்டுக்கல்லில் அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று பொன்மலை முழுக்கத் தெரிந்தது, எங்கள் வீட்டில் மட்டும் லீவு கிடைக்கல என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நான் பாயில் படுத்திருப்பேன். அடுப்படியிலிருந்து குரல் வரும், விளக்க அணை, யாரும் வரப் போறதில்ல. பிறகு பானைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், சோற்றின் மேல் விழும்போது அதற்கு ஒரு மொத்தையான சத்தம் உண்டு. அந்தக் குரலை நான் மன்னிக்கவே இல்லை. விளக்கு எரிந்திருந்தால் வந்திருப்பார் என்று நினைக்கிற வயசு, தெருமுனை வரைக்கும் வந்து, இருட்டாக இருப்பதைப் பார்த்து, சரி தூங்கிவிட்டார்கள் என்று திரும்பிப் போயிருப்பார் என்று எத்தனை ராத்திரி நினைத்திருக்கிறேன். அந்த வயசு போய்விட்டது, நினைப்பு முழுசாகப் போகவில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள், மாத்திரை வாங்கித் தருகிறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பேச மட்டும் வருவதில்லை, ரெண்டு வார்த்தைக்கு மேல் போனால் வாய் கசக்கிறது. போதாக்குறைக்கு வருஷா வருஷம் அப்பாவின் பிறந்தநாளுக்குப் பூசைக்குக் கொடுக்கிறாள், சாமியார் மைக்கில் அவர் பேரை வாசிக்கிறார், இறந்தவர்களுக்காக இல்லை, நலனுக்காக. அவர் இருக்கிறாரோ இல்லையோ. விளக்கை அணைக்கச் சொன்னவள் ஊரறிய நலன் கேட்கிறாள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓகே என்று அடித்தேன். அழித்தேன். அடித்துவிட்டால் முடிந்தது, நிர்மலின் அப்பா பாட்டு, எல்லோரும் அழட்டும். வரி என்னுடையது என்று சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், கேட்காமல் விடுவார்களா, ஐசியு பெஞ்சு கேட்டுப் பழகியவர்கள், என்னிடமும் ஒரு பெஞ்சு கேட்பார்கள். எங்கப்பா ஓடிப்போயிட்டார், எங்கம்மா சொன்னது இது என்று நான் கேமரா முன்னால் சொல்ல வேண்டுமா. ஊருக்கே தெரிந்தாலும் எங்கள் வாயால் சொன்னதில்லை, அந்த ஒன்றை மட்டும் நானும் அம்மாவும் சேர்ந்தே காப்பாற்றியிருக்கிறோம். ஓகே போடாவிட்டால் ஆல்பமே வராது, டைட்டஸ் போன் பண்ணுவான், ஃபரூக் துபாயிலிருந்து பண்ணுவான், பழசையெல்லாம் மனசுல வச்சிக்காத என்பான். வேறு எதை வைத்துக்கொள்வதாம். மறுபடி ஓகே. மறுபடி அழிப்பு. நெற்றியோரம் ஒரு சொட்டு இறங்குகிறது, துடைத்தால் திட்டுவாள் மும்தாஜ். கல்யாணப் பெண் எழுந்து கண்ணாடியில் தன் புருவத்தைப் பார்த்து ஒப்புக்கொள்கிற மாதிரி தலையாட்டுகிறாள், எனக்கு அவள் மேலும் கோபம் வருகிறது, காரணம் கேட்டால் இல்லை. அப்போதுதான் போன் அடித்தது. நிர்மலாக இருந்தால் எடுத்திருக்க மாட்டேன். அம்மா.

“பெனி, கருவேப்பில இல்ல, வரும்போது வாங்கிட்டு வா.” ஸ்பீக்கரிலேயே சரி என்றேன். வைத்திருக்க வேண்டும், எப்போதும் சரியோடு வைத்துவிடுவேன். ஏன் வைக்கவில்லை என்று தெரியவில்லை, சாயத்தின் எரிச்சலாக இருக்கலாம், யாரையாவது கீற வேண்டும் என்றிருந்தது, கைக்கு அகப்பட்டவள் அவள். “அம்மா, அப்பா வராம இருந்தப்ப ராத்திரியில நீ ஒண்ணு சொல்லுவியே, ஞாபகம் இருக்கா?” என்ன சொல்லுவேன் என்றாள். “விளக்க அணை, யாரும் வரப் போறதில்ல, சோத்துல தண்ணிய ஊத்துன்னு.” அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதன் சத்தத்தைக் குறைத்தாள். “நானா சொன்னேன்?” நீதான் என்றேன். “நான் எதுக்குடி அதைச் சொல்றேன். நான் அவருக்குச் சோத்த எடுத்து மூடி வச்சிட்டு உக்காந்திருப்பேன். நீதான் எந்திரிச்சு வருவ. சொம்பத் தூக்கித் தண்ணிய ஊத்துவ. யாரும் வரப் போறதில்ல, வந்து படுன்னு என்னைய அதட்டுவ. எனக்குத் தூக்கிவாரிப் போடும், இத்தினிக்காண்டு பிள்ளைக்கு இம்புட்டுக் கோவம் எங்கேருந்து வந்துச்சுன்னு.” மும்தாஜ் நூலைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டாள். விளக்கு, என்றேன். “லைட்டையும் நீதான் அணைப்ப. சுவிட்சு எட்டாது, ஸ்டூலப் போட்டு ஏறி அணைப்ப.” அப்படியே விட்டுட்டியா என்று கேட்டேன். “உன்னைய எதுத்தா ராத்திரி பூரா அழுவ. நீ தூங்கினப்புறம் எந்திரிச்சு மறுபடி போட்டுட்டு வந்து படுத்துக்குவேன். விடிய விடிய எரியும். கரண்டு பில்லுக்கு வீட்டுக்காரம்மா கத்தும்.” “எதுக்கு இப்ப இதெல்லாம் கேக்கற?” என்றாள். ஒரு பாட்டுல வருது, நான் பாடின பாட்டு என்றேன். “கோயில்லயா?” இல்ல, காலேஜ்ல. “நீ எழுதினதா?” ஆமா என்றேன். என் வாயிலிருந்து அந்த ஆமா எப்படி வந்தது. “எனக்கு ஏன் போட்டுக் காட்டல” என்றாள் அம்மா, பதிலுக்குக் காத்திராமல் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

எரிந்திருக்கிறது. விடிய விடிய எரிந்திருக்கிறது, அவர்தான் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம், தெருமுனையில் யாரும் நிற்கவில்லை, யாரும் திரும்பிப் போகவில்லை. பாயில் படுத்திருந்த என்னைத் தேடிப் பார்க்கிறேன், பாய் இருக்கிறது, அதில் நான் இல்லை. குரலை மறுபடி கேட்டுப் பார்க்கிறேன், எத்தனையோ வருஷமாக அடுப்படியிலிருந்து கனமாக வந்துகொண்டிருந்த குரல் இப்போது மெல்லிசாக, கீச்சென்று இருக்கிறது. ஸ்டூலின் ஒரு கால் ஆடும், கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும், அது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறதா, இல்லை அம்மா சொன்னதால் நானே செய்துகொள்கிறேனா. சொம்பின் கனம் கையில் இருக்கிறது. மூடி வைத்திருந்த சோற்றைத் திறந்து அதன் மேல் ஊற்றியிருக்கிறேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றியிருக்கிறேன். அவளைப் பற்றி வைத்திருந்த அத்தனை கோபமும் இப்போது எங்கே போய் உட்காரும். வெட்கமாக இருக்கிறது, வெளியே சொன்னால் வெட்கம் தீருமா என்றால் அதுவும் தீராது. அப்படியானால் நிர்மலும் பொய் சொல்லவில்லையோ என்னவோ, அப்பாவைப் பறிகொடுத்த பிறகு ஏதோ ஒரு பெஞ்சில் இந்தப் பாட்டைக் கேட்டிருப்பான், நான்தான் எழுதினேன் என்று நிஜமாகவே நம்பத் தொடங்கியிருப்பான், நான் அம்மாவின் தலையில் கட்டியதை நம்பின மாதிரி. தயிர்சாதம் வந்தது அந்த ஞாயிறுதானா, வேறு ஞாயிறா, அதைக்கூட இப்போது சத்தியம் செய்ய வராது. சரி. நாசமாகப் போகட்டும். நம்பினால் அவனுடையதாகிவிடுமா. இவ்வளவு நேரமும் நான் பயந்தது அம்மாவின் மானத்துக்கு, அவள் சொன்னதை ஊர் கேட்டுவிடுமே என்று. அவள் சொல்லவே இல்லை. அத்தனையும் என் வாயிலிருந்து வந்தது, கோபமும் என்னுடையது, கேவலமும் என்னுடையது, அதை இன்னொருத்தன் அப்பாவுக்கு மாலையாகப் போட நான் யார்.

“வாங்க அக்கா, அலசிரலாம்,” என்று மும்தாஜ் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்த் தொட்டியில் கழுத்தைச் சாய்க்க வைத்தாள். பாட்டெல்லாம் பாடுவீங்களா என்று கேட்டாள். ஒரு நிமிஷம் இரு என்று சொல்லிவிட்டு, படுத்த வாக்கில் போனை வாய்க்கு நேராகப் பிடித்தேன். “நிர்மல், ஏழாவது பாட்டோட வரி என்னோடது. பேர மாத்து. மாத்தினா ஓகே. இல்லன்னா எந்தப் பாட்டும் கிடையாது.” அனுப்பின சூடு ஆறவில்லை, அவன் கூப்பிட்டுவிட்டான். ஸ்பீக்கர். கேட்கட்டும், எல்லோரும் கேட்கட்டும். “பெனி, என்ன பேசற. அது நான் எங்கப்பாவுக்கு எழுதினது.” நீ அன்னிக்கு கைய வீசிட்டு வந்த, டம்மி போட்டுப் பாடுன்னு சொன்ன, நான் பாடினேன், அது எங்க வீட்டுல நான் சொன்னது, எங்கம்மா இருக்காங்க, வேணும்னா கேளு என்றேன். அந்த அறை அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. “சரி, நீன்னே வச்சிக்குவோம். பேட்டியில சொல்லிட்டேனே பெனி. எங்கம்மா அதப் பாத்துட்டு ரெண்டு நாள் அழுதாங்க. இப்பப் போயி மாத்தினா எங்கப்பாவுக்குன்னு என்ன இருக்கு?” ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது, அந்தத் தூக்குச்சட்டி மனுஷன் பாவம். ஆனால் நான் விடவில்லை. “உங்கப்பாவுக்கு நீ ஒரு பாட்டு எழுது நிர்மல். மெட்டு உனக்கு நல்லா வரும். இந்தத் தடவ வரியும் நீயே போடு.” அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. என் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று அவன் கேட்கிற வரைக்கும் வைப்பதாக இல்லை.